நாகமுத்து உட்கார்ந்திருந்த கரை

நாகமுத்து மடத்தில் வந்து சேர்ந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அவர் குருவாக வரித்துக்கொண்ட தில்லையம்மைக்கு நாற்பதுதான். ஊரில் சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். "சிரிச்சிட்டுப் போங்கடா" என்று விட்டுவிட்டார் மனுஷன். வாழ்நாளெல்லாம் படகில் சுக்கான் பிடித்தவர், பெண்டாட்டி செத்த பிறகு ஒரு வேட்டியும் துண்டுமாக வந்து அந்தம்மாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தில்லையம்மை பிறந்தது வறண்ட சீமையில். மடம் கடலோரத்தில் இருந்ததே தவிர, கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்பட்டதும் இல்லை.

கார்த்திகை மாதம் நாகமுத்துவின் ஒரே மகன் மதியழகன் போன படகு, வடக்கே ஆற்றுமுகத்துக்கு வெளியே கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மதியழகன் ஏறவில்லை.

சேதி வந்ததும் நாகமுத்து அழவில்லை. நேரே மருமகள் செண்பகத்தின் வாசலில் போய் நின்றார். "உன் புருஷனை நான் கொண்டாந்து தரேன் தாயி" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். வேறென்ன சொல்வார் பாவம்! உடம்பு கிடைக்காத வீட்டில் பிணம் எடுப்பும் கிடையாது, கருமாதியும் கிடையாது. அந்தப் பெண் தாலியைக் கழற்றவும் முடியாமல், கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாமல், கதவு அசைகிற போதெல்லாம் எழுந்து எழுந்து நிற்பாள். அந்தக் கொடுமை கடற்கரைக்காரர்களுக்குத்தான் தெரியும்.

மடத்துக்கு எதிரே இருந்த கரையில் வந்து உட்கார்ந்தார். சோறு தண்ணீர் எல்லாம் அங்கேயே.

தில்லையம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்கேதான் வருவான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நீவாடும்மா." நீரோட்டத்தை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

அவ்வளவு துக்கத்திலும் நாகமுத்துவின் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. தெரிந்த விஷயத்தைக் கேட்டால் யாருக்குத்தான் நிமிராது?

"கடல் சும்மா கிடக்குற தண்ணி இல்லம்மா. உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல வடக்கேருந்து தெக்க ஓடும். மாசி பங்குனியில திரும்பிக்கும், தெக்கேருந்து வடக்க. படகு கவுந்தது வடக்க. அப்போ அவன் இங்கதான் வரணும்."

"மீனும் அப்படித்தான் போகுமா?"

"மீனு அது பின்னாடிதான் அலையும். சில இடத்துல அடித்தண்ணி மேல எழும்பும். ஜில்லுனு இருக்கும். அடியில செத்து மக்கினது எல்லாம் எருவா மேல வரும். அதுல பாசி பிடிக்கும். பாசியைத் தின்னப் பொடிமீன் வரும், பொடிமீனைத் தின்னப் பெருசு வரும். மேத்தண்ணி ரொம்பச் சூடாயிட்டா அடித்தண்ணி எழும்பாது. அப்போ வலையை இழுத்தா வெறும் வலைதான்."

"மழை?"

"மழையும் புயலும் அந்தத் தண்ணிச் சூட்டுலதான் வளருது. ஓட்டம் மாறிச்சுன்னா இங்க மட்டுமா மாறும்? உங்க ஊர்ல மானம் பொய்ச்சு மழை இல்லாமப் போனாக்கூட அதுல இதுக்கும் பங்கு உண்டு."

"ஓட்டம் மாறுமா?"

"மாசத்துக்கு மாசம் மாறும். ஆனா கார்த்திகையில தெக்கதான். எங்கப்பன் காலத்துலேருந்து தெக்கதான்."

தில்லையம்மை எழுந்து போனார். மறுநாளும் வந்தார். தண்ணீரில் காலை வைத்துவிட்டு எடுத்தார்.

"குளிர் மாசம்னாங்க. தண்ணி இப்படிச் சூடா இருக்கே?"

"வெயில்மா."

"கொழகொழன்னு கிடக்குற இந்தச் சொறிமீன் இவ்வளவு கரை ஒதுங்குமா?"

"ஒதுங்கும்."

"கரைவலைக்காரங்க மீனே இல்லைன்னு வெறுங்கையோட போறாங்களே?"

"நாளைக்குக் கிடைக்கும்."

அலைக்கு அப்பால் ஒரு காய்ந்த தென்னம்பாளை மிதந்து போனது. தெற்கே இருந்து வந்தது. வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"அது வடக்க போகுதே?"

நாகமுத்து பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கரையோரம் அப்படித்தான் சுத்தும். உள்ள தெக்கதான் ஓடுது. கடலைப் பத்தி எனக்குச் சொல்ல வேணாம்மா."

குருவிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் தில்லையம்மை கோபித்துக்கொள்ளவில்லை. கொண்டுவந்த கஞ்சியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கப்பல்காரனுக்கே வழி சொன்னவர். ஆனால் பாளை போன திசையை ஒப்புக்கொண்டால், பிள்ளை போன திசையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருமகளுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? வடக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒரு காலையில் உடம்பு வந்தது.

விடிந்து வெயில் ஏறியிருந்தது. அலை அதைக் கொண்டுவந்து மணலில் போட்டது, இழுத்தது, மறுபடி போட்டது. நாகமுத்து எழுந்து ஓடினார். அறுபதைத் தாண்டினவர் ஓடுகிற ஓட்டமா அது! "மதீ! ஏ மதீ! வந்துட்டியா அய்யா!" என்று கத்திக்கொண்டே விழுந்து, இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டினார்.

முகம் இல்லை. மீன் தின்றிருந்தது.

ஆனாலும் அது மதியழகன் இல்லை என்று தெரிந்தது. கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு ஒட்டிக் கிடந்தது, வேதக்காரக் கிறிஸ்தவர்கள் போட்டுக்கொள்வது. உடம்பில் ஒரு மஞ்சள் பனியன். கோயில் திருவிழாவுக்கு இளவட்டங்கள் ஒன்றுபோல அடித்துப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி. முதுகில் எழுத்து இன்னும் அழியவில்லை. புன்னைத்துறை மாதா கோயில் திருவிழா.

புன்னைத்துறை தெற்கே, ரொம்பத் தெற்கே இருந்தது.

சத்தம் கேட்டுத் தில்லையம்மை வந்தபோது நாகமுத்து ஈர மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"தெக்கத்தி ஆளு."

"தெக்கேருந்து இங்க எப்படி வந்தான்?"

"ஓட்டம் வடக்கம்மா. வடக்கதான் ஓடுது. எத்தனை நாளாவோ!" அவருக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "கார்த்திகையில இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பாவி, நான் தப்பான கரையில உக்காந்துட்டேன். எம்புள்ளை இங்க வரவே இல்லை. அவன் வடக்க போயிட்டான். செண்பகத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

தில்லையம்மை மடத்துக்குத் திரும்பிப் போனார்.

நாகமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரையில் ஏற்றிப் போட்டிருந்த பழைய படகிலிருந்து ஒரு துடுப்பை எடுத்துவந்தார். அதன் முனையை அந்த உடம்பின் விலாவில் கொடுத்து, அலை திரும்புகிற நேரம் பார்த்து அழுத்தினார். உடம்பு பாதி தண்ணீருக்குள் இறங்கியது.

தில்லையம்மை ஒரு குடம் நல்ல தண்ணீரோடு வந்தார். கிணற்றில் உப்பு இறங்கிப்போன அந்த மடத்தில் நல்ல தண்ணீர் சுலபமாகக் கிடைக்கிற சாமான் இல்லை. வந்தவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் அலையில் நனைய உட்கார்ந்து, உடம்பின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

"தொடாதீங்கம்மா!"

தில்லையம்மை முகம் இருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றினார். மணலைக் கையால் வழித்தார்.

"அம்மா, உங்களுக்குத் தெரியாது. இது வெளங்காத வேலை. போலீசு வரும், கேசு வரும். ஊர்ல ஒருத்தனையும் கடலுக்குப் போக விடமாட்டாங்க. நம்ம ஆளு இல்லைன்னா தள்ளி விட்டுருவோம். அதுதான் இங்க வழக்கம்."

"ஊர்ப் பேரு முதுகுலயே இருக்கு. ஒரு ஆள் அனுப்பினா வந்து எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்கட்டும், எடுத்துக்காமப் போகட்டும்! எம்புள்ளை கிடைக்கலை. எவன் பெத்த புள்ளைக்கோ நான் எதுக்குத் தண்ணி ஊத்தணும்? நகருங்கம்மா." துடுப்பை மறுபடி அந்த விலாவை நோக்கி நீட்டினார்.

தில்லையம்மை நகரவில்லை. குடத்தைக் கீழே வைத்தார்.

"இப்ப நீங்க தள்ளி விட்டா இந்தப் பிள்ளை எங்க போகும்?"

"வடக்க."

"உங்க பிள்ளை போன பக்கமா?"

"ஆமா. அதே ஓட்டந்தான்."

"அங்க கரையில யாரு இருக்காங்க?"

"எங்களை மாதிரிதான். கடலுக்குப் போறவங்க."

"அவங்க என்ன செய்வாங்க?"

வடக்கே இருக்கிற ஒவ்வொரு கரையையும் நாகமுத்துவுக்குத் தெரியும். அங்கே இருக்கிறவர்களோடு தொழில் செய்திருக்கிறார், அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், பெண் கொடுத்து எடுத்திருக்கிறார். அவருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அவங்களும் தள்ளித்தான் விடுவாங்க."

தில்லையம்மை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்படின்னா உங்க பிள்ளை இன்னும் தண்ணியிலதான் இருக்கான்."