நாற்பதடி முகாம்

ராஜ்யம் போன பிறகும் ராஜா போகாத ஊர் ஒன்று இருந்தது. கொன்றையூர் என்று பெயர். சமஸ்தானத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரண்மனையில் பாதியில் தாலுகா ஆபீஸ் நடந்தது. மீதியில் மழை ஒழுகியது. ஒழுகாத ஒரே இடம் தர்பார் மண்டபம். அங்கே ராஜா வீரகேசவ பூபதி தினமும் காலையில் கொலுவிருப்பார். பக்கத்தில் திவான் நரசிங்க ராவ் நிற்பார். ஆஸ்தானப் புலவர் வன்னியப்பக் கவிராயரும் நிற்பார். குடிமக்கள் மட்டும் வருவதில்லை.

அந்த ராஜா இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு ஒரு ஸ்டீரியோ வாங்கினார். கூடவே ஓர் இசைத்தட்டு. அதில் இரண்டு வித்வான்கள் வீணை வாசித்திருந்தார்கள். இடது பெட்டியில் ஒருவர் கேள்வி கேட்பார், வலது பெட்டியில் மற்றவர் பதில் சொல்வார். அதைக் கேட்டே தீர வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. யானையும் வேட்டையும் வரியும் போன பின் அவருக்கு மிஞ்சிய ஆசை அது ஒன்றுதான்.

பெட்டிகளைப் பொருத்த மதுரையிலிருந்து மெக்கானிக் பாக்கியநாதன் வந்தான். திவான் அவனை வாசலிலேயே நிறுத்தினார்.

"திவானையும் புலவரையும் தவிர, சிம்மாசனத்துக்கு முப்பது அடிக்குள் வாய் திறக்கிற எதுவும் நிற்கக் கூடாது. சமஸ்தான விதி."

"ஐயா, இது பெட்டிங்க."

"பெட்டி பேசுமா, பேசாதா?"

"பேசும்."

"அப்படியானால் தள்ளி வை."

மண்டபத்தின் மறுகோடியில், ஐம்பது அடி தள்ளிப் பெட்டிகளை வைத்தார்கள். தட்டு சுழன்றது. ராஜா கண்ணை மூடிக் கேட்டார். கேள்வியும் பதிலும் ஒன்றாகக் குழைந்து, கூரையில் முட்டி, பொங்கல் மாதிரி வந்து சேர்ந்தன.

"இதில் எங்கே இரண்டு வீணை?" என்றார் ராஜா. முகம் வாடிவிட்டது.

"மெக்கானிக் ஏமாற்றிவிட்டான் மகாராஜா" என்றார் திவான்.

பாக்கியநாதன் வாசலில் நின்றபடி ஏதோ சொன்னான். அந்தத் தூரத்துக்கு அது ராஜாவின் காதில் விழவில்லை. கவிராயர் அருகே போய்க் கேட்டார்.

"பெட்டி வைக்கறப்பவே சொன்னேன் சாமி, ராஜா அதுங்க பக்கத்துல வந்து உக்காரணும்னு. யாரு கேக்கறாங்க? பெட்டியோட திருப்பி அனுப்பிட்டா என் வேலையே போயிடும்."

கவிராயர் விஷயத்தை ராஜாவிடம் சொன்னார். திவான் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். சிம்மாசனத்தை அசைக்கக் கூடாது. தர்பார் மண்டபத்தில் மகாராஜா வேறு ஆசனத்தில் அமரக் கூடாது. பெட்டிகளும் நெருங்கக் கூடாது.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. "கவிராயரே, விதியும் மீறக் கூடாது, வீணையும் கேட்க வேண்டும். நாளைக்குள் வழி சொல்லும். இல்லாவிட்டால் பெட்டியோடு நீரும் மதுரைக்குப் போகலாம்."

மறுநாள் கவிராயர் அதே புத்தகத்தோடு வந்தார்.

"மகாராஜா முகாம் போனால் எங்கே அமரலாம் என்று திவான் அவர்கள் படிக்க வேண்டும்."

திவான் படித்தார். "முகாமில் மகாராஜா எந்த ஆசனத்திலும் அமரலாம்."

"முப்பது அடி விதி?"

"முகாமுக்குப் பொருந்தாது. வேட்டைக்குப் போன இடத்தில் புலியிடம் போய்த் தள்ளி நில் என்று யார் சொல்வது?"

"நல்லது. மகாராஜா இன்று அந்தக் கோடிக்கு முகாம் போகிறார்."

திவான் திடுக்கிட்டார். "முகாம் என்றால் ராஜ்ய எல்லையைக் கடக்க வேண்டும்!"

"கடக்கலாம். எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்."

திவான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சர்க்கார் ஜீப் நின்றது. புத்தகத்தை மூடினார்.

"நமக்கு மிச்சம் இந்த மண்டபம்தான்" என்றார் கவிராயர். "நாற்பது அடி நடந்தால் நமக்கு அதுவே தூர தேசம்."

ராஜா உடனே எழுந்தார். வெண்குடை பிடித்தார்கள். சங்கு ஊதினார்கள். நாற்பது அடிப் பயணம் சுகமாக முடிந்தது.

தோற்ற திவான் விடவில்லை. தானே ஒரு நாற்காலியைத் தூக்கிப் போய் இரண்டு பெட்டிக்கும் நடுவில் போட்டார். "பக்கத்தில் வர வேண்டும் என்றீர்களே. இதைவிடப் பக்கம் ஏது?"

ராஜா உட்கார்ந்தார். இடது காதில் ஒருவர் அடித்தார், வலது காதில் ஒருவர் அடித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறிந்ததாகவே தெரியவில்லை. ராஜா காதைப் பொத்திக்கொண்டார்.

கவிராயர் பாக்கியநாதனைப் பார்த்தார். அவன் விரல்களால் முக்கோணம் காட்டினான்.

கவிராயர் தன் தலைப்பாகையை அவிழ்த்தார். ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு நீட்டிப் பிடித்தார். ஒன்பது அடி. அதே நீளத்தை இடது பெட்டியிலிருந்து முன்னால் இழுத்தார், வலது பெட்டியிலிருந்தும் இழுத்தார். இரண்டும் சந்தித்த இடத்தில் நாற்காலியைப் போட்டார். பெட்டிகள் இரண்டையும் பாக்கியநாதன் நாற்காலி பக்கம் லேசாகத் திருப்பி வைத்தான்.

தட்டு சுழன்றது. இடது வீணை கேட்டது. வலது வீணை யோசித்துப் பதில் சொன்னது. ராஜாவின் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் திரும்புவதையும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தட்டு நின்ற பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாக்கியநாதனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு கவிராயர் பக்கம் திரும்பினார்.

"என்ன வேண்டும், கேளும்."

"மகாராஜா நாளைக் காலை ஒரு மணி நேரம் தலைநகர் திரும்ப வேண்டும்."

"இப்போதுதானே வந்தேன்! எதற்கு?"

"இவ்வளவு நேரம் நான் வலது பெட்டிப் பக்கம் நின்றேன். எனக்குப் பதில்தான் கேட்டது, கேள்வி என்னவென்று தெரியவில்லை. அந்த நாற்காலி காலியானால் தெரிந்துகொள்வேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகாராஜா குடையோடும் சங்கோடும் தலைநகர் திரும்பினார். கவிராயர் முகாமிட்டார்.