மீனுக்கு ஒரு இறால்

அந்தியூர்ப் பக்கம் வேப்பங்காடு என்ற ஊரில் செங்கோடன், ரங்கப்பன், சின்னான் என்று அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். யார் எது சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வம்பே அதில்தான்.

மூத்தவன் செங்கோடனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்தது. பெண் பெயர் மேகலா. அவள் ஆசையாய் வளர்த்தது இரண்டு கடல் மீன்கள். நிச்சயத்தன்றே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"எம்பட மீனு உங்க ஊட்டுல பொழைச்சுதுன்னா நானும் இருப்பேனுங்க. செத்துப்போச்சுன்னா அடுத்த பஸ்ஸுல எங்கூருக்குப் போயிருவேன்."

மூன்று பேரும் ஈரோட்டுக்கு ஓடி, வண்ணமீன் கடைக்காரரிடம் காலில் விழாத குறையாக வழி கேட்டார்கள்.

"தொட்டியில உப்புத் தண்ணி ஊத்தி, பச்சை இறால் ஒண்ணைப் போட்டு அழுக விடுங்க" என்றார் அவர். "நாறும். நாறட்டும். அழுகறதுல வர்ற விஷத்தைத் திங்கிற நல்ல கிருமி தானா வளரும். அதுவரைக்கும் உசுருள்ளது எதையும் உள்ள விடாதீங்க. மோட்டாரைப் போட்டுட்டு, தொட்டியைத் தனியா விட்டுருங்க. புதுசா ஒரு உசுரு குடி வரோணும்னா இதுதானுங்க முறை."

இறாலைப் போட்டார்கள். நாற்றம் கிளம்பியது. கூடவே சந்தேகமும் கிளம்பியது.

"நல்ல கிருமிதான் வருதுன்னு எப்படீங்ணா தெரியும்?" என்றான் ரங்கப்பன்.

செங்கோடனிடம் பதில் இருந்தது. "கெட்டது இருட்டுலதான்டா வரும். பொழுது சாஞ்சா கதவைச் சாத்திப்போடு."

"நல்லது வெளியூர்ல இருந்து லேட்டா வந்துச்சுன்னா?"

"நல்லதா இருந்தா கதவைத் தட்டுமல்லோ!"

சின்னானுக்கு வேறு கவலை. "ஏனுங்ணா, தொட்டியைத் தனியா விடச் சொன்னாரே? நாம மூணு பேரும் இங்கயே இருக்கறமே!"

செங்கோடன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அன்றே பாயும் பாத்திரமுமாக மாட்டுக் கொட்டாய்க்குக் குடிபோனார்கள். யாராவது கதவைத் தட்டுகிறார்களா என்று அங்கிருந்தே காது கொடுத்துக் கேட்டார்கள்.

யாரும் கை வைக்காததால் தொட்டி அருமையாகத் தேறியது. நாற்றம் போய்விட்டது. கடைக்காரரே வந்து தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, "நாங்கூட இவ்வளவு நல்லாச் செஞ்சதில்லீங்க" என்றார். மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை.

கல்யாணம் முடிந்து மேகலா மீன் கவரோடு வந்து இறங்கினாள். கவரைத் தொட்டியில் மிதக்க விட்டு, மெல்ல மெல்லத் தண்ணீரைப் பழக்கி, மீன்களைத் திறந்துவிட்டாள். இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு வட்டமடித்தன. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பொழைச்சுக்கிச்சுங்க! இனி நான் எங்கயும் போகமாட்டேன். மாரியாத்தா மேல சத்தியமுங்க!"

சொல்லிவிட்டு, அவளுக்கென்று புதிதாக வெள்ளையடித்திருந்த உள்ளறைக்குப் போனாள். கதவிடுக்கில் அடைத்திருந்த சாக்கை இழுத்துப்போட்டுக் கதவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள்.

"உள்ள என்னங்க செத்துக் கெடக்குது?"

"இறாலுங்க அண்ணி" என்றான் சின்னான் பெருமையாக. "அத்தனூண்டு மீனுக்கே ஒண்ணு போட்டோம். உங்க எடைக்குக் கணக்குப் போட்டு அஞ்சு கிலோ வாங்கிப் போட்டிருக்கறமுங்க."

"நாத்தம் போற வரைக்கும் உசுருள்ளது உள்ள போகக் கூடாது" என்று செங்கோடன் கதவைச் சாத்தினான்.

மேகலா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மீன்கள் சுகமாக நீந்திக்கொண்டிருந்தன. பாவம், சத்தியம் வேறு செய்துவிட்டாள்.

"அப்ப நான் எங்கீங்க படுக்கறது?"

"எங்ககூட மாட்டுக் கொட்டாயிலதான். பயப்படாத புள்ள, அங்க இறாலே வேண்டாம். தாத்தா காலத்துல இருந்து மாடுக சாணி போட்டுப் போட்டு, நல்ல கிருமி நெரம்பிக் கெடக்குது!"