வேதமாணிக்கத்தின் கால்

முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கான அந்த மையத்தில் எல்லோரும் நிசாமுதீனை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியாருக்கு இருபத்தாறு வயது. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். சக்கர நாற்காலியில் வந்து புதியவர்களுக்கு எல்லாம் பழக்கிக் கொடுப்பான். அவனுடைய சீடர்களில் மூத்தவர் வேதமாணிக்கம். அரசு பஸ் டிரைவர், ஐம்பதைத் தாண்டியவர், பிடிவாதத்தில் மட்டும் எந்தக் குறையும் இல்லாதவர்.

மனிதர் சக்கர நாற்காலியைத் தொடவே மாட்டேன் என்றார். நடந்துதான் வீட்டுக்குள் போவேன் என்று, மையத்தில் போகச் சொன்ன பிறகும் அங்கேயே கிடந்தார். அவர் கிடந்தால் மனைவி எஸ்தரும் கிடக்க வேண்டும். பாவம், அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள்.

பிடிவாதத்துக்குக் காரணம் கரண்ட் மெஷின். தொடையில் பட்டைகளை ஒட்டி கரண்ட் வைத்தால், மடங்கித் தொங்கும் கால் மெல்ல நீளும். தான் மனசுக்குள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதால்தான் அது நீளுகிறது என்பது அவர் கட்சி. மெஷின் சும்மா ஒத்தாசைக்குத்தானாம். டாக்டர்கள் எடுத்துச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

ஒருநாள் அவரே கேட்டார். குரலில் அலுப்பு தட்டியது.

"வாத்தியாரே, நீயாவது நெசத்தச் சொல்லு. காலத் தூக்குறது நானா, மெஷினா?"

நிசாமுதீன் அவர் தொடையில் பட்டைகளை ஒட்டினான். கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கச் சொன்னான். கால் நீளும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மெஷினின் திருகு அவன் கையில் இருந்தது.

"இப்ப," என்றார் வேதமாணிக்கம். கால் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்து கரண்ட் வந்தது. கால் நீண்டு, நின்று, இறங்கியது. அவர் வாயே திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி, "இப்ப."

"கண்ணத் திறந்து பாருங்க அண்ணாச்சி."

பார்த்தார். மிதித்துக்கொண்டிருந்த கால் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு அழுகை வரவில்லை, களைப்புதான் வந்தது. நகராத பஸ்ஸை இத்தனை மாதமாக ஓட்டிக்கொண்டிருந்ததுபோல அப்படியொரு களைப்பு.

நீயும் தினம் கரண்ட் வைத்துக்கொள்கிறாயே, நடக்கவா போகிறாய் என்று கேட்டார். இல்லை என்றான் நிசாமுதீன். சதை வற்றாமல் இருக்கும், ரத்தம் ஓடும், அவ்வளவுதான். சொல்லிக்கொண்டே கைலியை விலக்கித் தன் தொடையிலிருந்த பட்டைகளை உரித்தான். தோல் சிவந்திருக்கிறதா என்று அடித்தொடை வரை கண்ணாடி பிடித்துப் பார்த்தான். சுட்டாலும் கால் சொல்லாது, கண்தான் பார்க்க வேண்டும். பிறகு கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்தான். வேதமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் சொன்னாக் கேக்காது. வலிச்சாலும் எங்கிட்டச் சொல்லாது," என்றார். "பின்ன இது யாரு காலு?"

"காலைல இதக் கழுவித் துடைச்சு, புண்ணு இருக்கான்னு பாத்தது யாரு?"

"எஸ்தரு."

"நேத்து?"

"அவதான்."

நிசாமுதீன் சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்ப இன்னைக்கு வரைக்கும் அது அக்கா காலு, அண்ணாச்சி."