வெறும் பானை வாங்காத சீனித்தாயி

கார்த்திகைக்கு நான் அப்பம் வச்சு அனுப்பின தூக்குவாளியை இன்னும் திருப்பித் தராத ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா சண்டைக்காரின்னு எனக்குத்தான் பேரு வரும். மார்கழி முடியப் போகுது. அப்பம் பஞ்சு மாதிரி இருந்துச்சுன்னு தெரு முழுக்கச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு வாளி ஞாபகம் மட்டும் வரலை. சரி, பிள்ளைகளா, கிட்ட வாங்க. ஒரு கதை சொல்றேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தா விழட்டும்.

ஒரே ஒரு ஊர்ல ஒரு உப்புக்காரி இருந்தாளாம். அவ பேரு சீனித்தாயி. பேருல சீனி, கூடையில உப்பு, நாக்குல மிளகா. புருசன் போய்ச் சேர்ந்த பிறகு ஒத்தை ஆளா உப்புக் கூடையைத் தலையில தூக்கிக்கிட்டு ஊரு ஊரா நடந்தாளாம். நடந்து ஏமாந்தாளாம், ஏமாந்த சந்தையிலேயே நின்னு பேரம் பேசக் கத்துக்கிட்டாளாம், கத்துக்கிட்டு, தானே மண்ணு குழைச்சுத் தானே சுவரு வச்சு ஒரு வீடும் கட்டிக்கிட்டாளாம்.

சின்ன வீடுதான். ஆனா அந்த வீட்டுல ஒரு பண்டிகை தப்பாது. போகிக்கு முன்னாலயே சுவருக்கு வெள்ளை அடிச்சிருப்பா. தைக்கு வாசல்ல பானை பொங்கும். சித்திரைக்கு வேப்பம்பூவும் மாங்காயும் போட்டுப் பச்சடி, ஆடிக்குக் கூழு, தீபாவளிக்கு அதிரசம், கார்த்திகைக்குப் பொரி உருண்டை. "மாளிகையில இருக்கிறவங்க ஒரு பண்டிகையை மறந்தாலும் மறப்பாங்க, இந்த மண்ணு வீடு மறக்காது"ன்னு மார்தட்டிச் சொல்லுவாளாம். சொல்லட்டுமே! அவ உழைப்பு, அவ வாசல்.

அவகிட்ட ஒரு வெண்கலப் பானை இருந்துச்சாம். பாத்திரக்காரன்கிட்ட மூணு சந்தை பேரம் பேசி வாங்கினது. முதல் சந்தையில பானையைத் தட்டிப் பாத்து, "என்னய்யா, விரிசல் விட்ட சத்தமா இருக்கு?"ன்னாளாம். ரெண்டாவது சந்தையில உதட்டைப் பிதுக்கினாளாம். மூணாவது சந்தையில திரும்பியே பாக்காம நடந்தாளாம். அவனே பின்னால ஓடி வந்து, "தாயி, நீ சொன்ன விலைக்கே எடுத்துக்க, என் உசுரை விடு"ன்னு கையில குடுத்துட்டுப் போனானாம். அந்தப் பானைதான் அவளுக்குக் கிரீடம்.

அந்தத் தெருக்கோடியிலதான் ராசாவோட அரண்மனை. பண்டிகைன்னா தெருவுல வீட்டுக்கு வீடு பலகாரம் போகுமில்ல, அரண்மனைக்கும் போகும். வாங்கிக்கிட்டவங்க பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. ஒரு பிடி அரிசி போடணும், இல்ல ஒரு துண்டு வெல்லம், அதுவும் இல்லாட்டி ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஒண்ணுமில்லாதவன் வீட்டுக்கும் இது தெரியும். எல்லாம் இருக்கிற ராசாவுக்கு மட்டும் தெரியலையாம்.

ஆடி வந்துச்சு. சீனித்தாயி பானை நிறையக் கூழு அனுப்பினா. அரண்மனைச் சேவகன் கருத்தமுத்து பானையைத் திருப்பிக் கொண்டாந்தான். உள்ளே ஒண்ணுமில்ல.

"என்ன கருத்தமுத்தண்ணே, பானை கணகணங்குது?"

"ராசா கை பட்ட பானை தாயி. அதுவே உனக்குப் பெருமைதானே."

சரின்னு விட்டா. அப்புறம் தீபாவளி வந்துச்சு, பானை நிறைய அதிரசம் போச்சு. போன பானை நாக்கால வழிச்ச மாதிரி வெறுமனே வந்துச்சு.

"ஏண்ணே, அரண்மனையில ஒரு கல் உப்புக்கூடவா இல்ல? நான் வேணா ஒரு படி கடன் தரட்டுமா? உங்க ராசாகிட்டச் சொல்லு, இனிமே வெறும் பானை இந்த வாசல் ஏறக் கூடாதுன்னு."

"மெதுவா தாயி, மெதுவா!"ன்னு கருத்தமுத்து ஓடிட்டான்.

அப்புறம் கார்த்திகை வந்துச்சு, பானை நிறையப் பொரி உருண்டை போச்சு. போன பானை வரவேயில்லை.

தூங்குறவங்க தூங்குங்க. பானை என்னாச்சுன்னு நாளைக்கு என்கிட்டக் கேக்கக் கூடாது!

சீனித்தாயி சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு நேரா சபைக்குப் போனா. ராசா கடைசிப் பொரி உருண்டையை மென்னுக்கிட்டு இருந்தானாம்.

"என் பானை எங்கே மகாராசா?"

"நீதானே உப்புக்காரி, வெறும் பானையைத் திருப்பக் கூடாதுன்னு சொல்லி அனுப்பின? அதான் திருப்பவே இல்லை. உன் தெருக்காரங்க பானை எல்லாமே என் சமையக்கட்டுலதான் இருக்கு."

சபையே சிரிச்சுதாம். தை பொறக்கப் போகுது. வேற பானை வாங்கிப் பொங்கல் வைக்கலாம், ஆனா வாங்கினா சீனித்தாயி தோத்துட்டதா ஆகும். அவ வாசல்ல அவ பானை பொங்கணும். அதுதான் அவளுக்கு வேணும், வேற எதுவும் வேண்டாம்.

கோவத்தை மென்னு முழுங்கிட்டு, சந்தையில பேசுற குரல்ல பேசினாளாம்.

"நியாயம்தான் மகாராசா. பானை இங்கேயே இருக்கட்டும். பானை எங்கேயோ பண்டிகையும் அங்கேதானே? இனிமே வருசம் பூராவும் எங்க தெருப் பண்டிகை எல்லாம் உம்ம வீட்டுல. போதும் போதும்னு நீரே சொன்னாத்தான் பானை திரும்பும். அப்பவும் வெறும் பானையை நாங்க வாங்க மாட்டோம். சம்மதமா?"

ராசா நாக்குல எச்சில் ஊறுச்சு. கூழு, அதிரசம், பொரி உருண்டை, எல்லாம் இங்கேயே! போதும்னு நான் ஏன் சொல்லப் போறேன்?

"சம்மதம்"னான்.

"சபை கேக்கட்டும், மூணு தடவை சொல்லும்."

"சம்மதம், சம்மதம், சம்மதம்!"

போகி அன்னைக்குக் கோழி கூவுமுன்னே தெருவே தொடப்பமும் சுண்ணாம்பு வாளியுமா அரண்மனைக்குள்ள நுழைஞ்சுது. ராசா கண்ணைக் கசக்கிக்கிட்டு எழுந்தான். அவன் மெத்தையை நாலு பேரு தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போறாங்க.

"ஐயோ, அது எங்க பாட்டன் மெத்தை!"

"அதான் மகாராசா, பழசு. பழசை எரிக்கிறதுக்குத்தானே போகி? உள்ளே இருக்கிற மூட்டைப்பூச்சியும் உம்ம பாட்டன் காலத்ததுதான்."

மெத்தை எரிஞ்சுது. அப்புறம் பொங்கல் வந்துச்சு.

"அரிசி எங்கே?"ன்னு ராசா கேட்டான்.

"பண்டிகை உம்ம வீட்டுல, அரிசி எங்க வீட்டுலயா? களஞ்சியத்தைத் திற கருத்தமுத்தண்ணே!" தெரு முழுக்க உக்காந்து தின்னுச்சு. அடுப்பு ஊத ராசாவை உக்கார வச்சாங்க. புகையில கண்ணு கோவைப்பழம். "பொங்கலோ பொங்கல்னு வாய்விட்டுச் சொல்லும் மகாராசா! முணுமுணுத்தா எந்தப் பானை பொங்கும்?" மறுநாள் மாட்டுப் பொங்கல். தெருவுல இருந்த மாடெல்லாம் சபைக்கு வந்துச்சு. ஒரு காளை சிம்மாசனத்தை மோந்து பாத்துச்சு. அங்கே அது என்ன பண்ணுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

சித்திரையில ராசா வாயில வேப்பம்பூப் பச்சடி. ஆடியில ஊரே அவன் வாசல்ல வரிசை கட்டிக் கூழு குடிச்சுது. ராசாதான் அகப்பை பிடிச்சான், கை வீங்கிப் போச்சு. அப்பவும் வாயைத் தொறந்து போதும்னு சொல்லலை, ராசா இல்லையா!

தீபாவளி வந்துச்சு. விடியுமுன்னே அவன் தலையில ஆழாக்கு நல்லெண்ணெயை ஊத்தி, சீயக்காயை அள்ளித் தேச்சாளுங்க தெருப் பொம்பளைங்க. கண்ணுக்குள்ள சீயக்காய் போனா எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரியாதா என்ன! ராசா கண்ணை மூடிக்கிட்டு அலறினானாம்:

"போதும் சீனித்தாயி! போதும் தாயே, போதும்! உன் பானையை எடுத்துட்டுப் போ!"

கருத்தமுத்து சிரிப்பைத் துண்டுல பொத்திக்கிட்டுப் பானையைக் கொண்டாந்து வச்சான். சீனித்தாயி விரலால தட்டிப் பாத்தா.

"கணகணங்குதே."

ராசா ஒரு பிடி அரிசி போட்டான். அவ உதட்டைப் பிதுக்கினா. பாதிப் பானை அரிசி போட்டான். அவ திரும்பியே பாக்காம நடந்தா. ராசா ஈரத்தலையோட, எண்ணெய் வழிய வழிய, தெருவுல அவ பின்னால ஓடினானாம்! பானை தளும்பத் தளும்ப அரிசி போட்டு, மேல அச்சு வெல்லம் வச்சு, "உன் பானை மட்டுமில்ல தாயி, தெருக்காரங்க பானை எல்லாமே நிறைச்சுத் தாரேன்"ன்னு கையெடுத்துக் கும்பிட்டான். தந்தான்.

அந்தத் தைக்கு சீனித்தாயி வாசல்ல, அவ போட்ட கோலத்துக்கு நடுவுல, அவ பானை பொங்குச்சு. நுரை நாலா பக்கமும் வழிஞ்சுது. பாத்தவங்க கண்ணெல்லாம் அங்கேதான். அப்போ கருத்தமுத்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தோட வந்தான். அரண்மனையிலேருந்து தெருவுக்கு முதல் தடவையா சர்க்கரைப் பொங்கல் வந்திருக்கு! சீனித்தாயி வாங்கிக்கிட்டா. கிண்ணத்தைக் கழுவினா. தன் கூடையிலேருந்து வெள்ளை வெளேர்னு ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டா.

"கொண்டு போ அண்ணே. ராசா பாத்திரமா இருந்தாலும் இந்த வாசல்ல இருந்து வெறுமனே போகாது."

வெறும் பானை அனுப்பினவன் கண்ணு எரிஞ்சான், நிறைச்சுத் தந்தவங்க நெஞ்சு நிறைஞ்சாங்க. அவ்வளவுதான் கதை, எல்லாரும் படுங்க.

நீங்க படுங்க பிள்ளைகளா, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளு படுக்க வேண்டாம். கதை காதுல விழுந்துச்சா? நாளைக்குப் போகி. இந்த ராத்திரிக்குள்ள என் தூக்குவாளி என் கைக்கு வரணும். வெறுமனே வரக் கூடாது. ஒரு கல் உப்பு போட்டுக் குடு, வாங்கிக்கிறேன். இல்லேன்னா, விடியுமுன்னே தொடப்பத்தோட நாங்க எல்லாரும் உன் வீட்டுலதான். மெத்தையைப் பத்திரமா வச்சுக்க!