பாராட்டுப் பெட்டி

ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி பொன்னுரங்கத்துக்குப் பாராட்டு மெயில் என்றால் உயிர். தினமும் கடை திறந்ததும் மைக்கில் அவரே வாசிப்பார். ஊழியர்கள் கைதட்டியாக வேண்டும்.

ஒருநாள் கம்ப்யூட்டர் பார்க்கும் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"பாரு புள்ள, புகார் முகவரி விளம்பரத்துல இருக்கோணும். ஆனா அந்த மெயில் பெட்டியில ஒரு புகாரும் இருக்கக்கூடாது. இருந்தா உனக்கு வேலையில்ல!"

எவ்வளவு நியாயமான மனுஷன்!

"ஆகட்டுங்க" என்றவள், புகார் முகவரிக்கு வருவதெல்லாம் தானாகப் பாராட்டு முகவரிக்குப் போகும்படி ஃபார்வர்டு போட்டாள்.

மறுநாள் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார்: "உங்கள் வேட்டி ஒரே துவைப்பில் கோவணமாகிவிட்டது."

முகம் கறுத்தது. "யாரு பார்த்த வேலை இது?"

"புகார்ப் பெட்டி சுத்தமாக் காலிங்க. வந்ததையெல்லாம் நீங்க ஆசையாப் படிக்கிற பெட்டிக்கே திருப்பிவிட்டேனுங்க."

அன்றைக்குத்தான் யாரும் சொல்லாமலே ஊழியர்கள் கைதட்டினார்கள்.