செருப்பை வாசல்ல விட்ட முக்காட்டுக் கூட்டம்

சும்மா புரளாம படுடா இனியா. அத்தை கதை சொல்றேன், நீ 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா பாதியில நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பூட்டு இருந்துச்சாம். எங்கே? நல்ல தண்ணிக் கிணத்து மேல! சாவி முக்காட்டுக் கூட்டத்துக்கிட்ட. அவங்க யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. உச்சி வெயில்ல ஊரே தூங்கறப்போ, பாழடைஞ்ச சத்திரத்துல மூணு பேரு முக்காடு போட்டு உக்காந்திருப்பாங்க. குரல் தெரியக்கூடாதுன்னு பானைக்குள்ள வாயை வச்சு, கொம்ம்முனு மூணு விடுகதை போடுவாங்க. மூணுக்கும் விடை சொன்னா சாவி. சொல்லலேன்னா கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்ணணும், சாகற வரைக்கும் பேசமாட்டேன்னு. ம் சொல்லு.

அந்த ஊர்ல வேம்புன்னு ஒரு பொண்ணு. வாலுன்னா அப்படி ஒரு வாலு. கோயில் வாசல்ல பெரியவங்க செருப்பை ஒளிச்சு வச்சு, அவங்க தேடறதைப் பாத்து சிரிப்பா. அவ அம்மா மாராயி திட்டித் தீர்ப்பா. அந்த மாராயி போட்டிக்குப் போய்த் தோத்துட்டா. அன்னையிலேருந்து வீட்ல பேச்சும் இல்ல, திட்டும் இல்ல. வேம்புக்கு சோறே இறங்கல.

அப்போ அவ சொன்னா, "நான் போறேன். எங்கம்மா பேச்சைத் திருப்பி வாங்காம வரமாட்டேன்." அம்மா வேண்டாம் வேண்டாம்னு கையை ஆட்டினா. கேட்டாளா? விறுவிறுன்னு போயி, சத்திரத்து வாசல்ல செருப்பைக் கழட்டி விட்டா. அப்புறம் உள்ள போனா.

"காய்ஞ்சா சுருங்கும், கறுத்துப் போகும். பொடியானா பெரிய மனுஷனையும் உலுக்கும். அது என்ன?"

"மிளகு! தும்மல் வரும்ல, அச்சூ!"

அப்புறம் ரெண்டாவது. "போறப்போ லேசு, வர்றப்போ கனம். வழியெல்லாம் அழுதுக்கிட்டே வரும்."

"கிணத்து வாளி! அதைப் பாத்தே எத்தனை நாளாச்சு, நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்களே!"

அப்புறம் மூணாவது. "நாங்க யாரு?"

அடப் பாவிகளா! இது ஒரு விடுகதையா? மாராயி இதுலதான் தோத்தா. தோத்தவங்க பேச முடியாதே, அதனால இந்தக் கள்ளத்தனம் வெளிய வரவே இல்ல. சொல்றப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வருது. என்ன, 'ம்' காணோம்? ஆங், முழிச்சிரு.

வேம்பு சிரிச்சா. முக்காடு போட்டாலும் நம்ம ஊரு ஆளுங்கதானே, பழக்கம் விடுமா? செருப்பை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள வந்திருந்தாங்க. எல்லாம் கோயில் வாசல்ல அவ முன்னாடி ஒளிச்சு வச்ச செருப்புங்க, எது யாருதுன்னு அவளுக்கா தெரியாது!

"ஒருத்தர் ஊர் மணியக்காரர். ஒருத்தர் மளிகைக்கடை சொக்கலிங்கம். இன்னொருத்தர் வைத்தியர்!"

டமால்! ஒரு பானை விழுந்து உடைஞ்சுது. "தப்பு! தோத்துட்டே. சத்தியம் பண்ணு!"

"தப்பா? அப்போ வாசல்ல கிடக்கறது உங்க செருப்பு இல்லையா?"

"இல்லவே இல்ல!"

"அப்போ நான் எடுத்துக்கறேன்."

தன் செருப்பை மாட்டிக்கிட்டு, மூணு ஜோடியையும் பாவாடையில அள்ளிக்கிட்டு, ஒரே ஓட்டம்!

மணலோ கொதிக்குது. மூணு பேரும் "ஐயோ, ஆ, ஊ"ன்னு தத்தித் தத்திப் பின்னாலயே ஓடினாங்க. சூடு தாங்காம முக்காட்டை உருவிக் கால்ல சுத்திக்கிட்டாங்க. கூச்சல்ல ஊரே முழிச்சு வந்து பாத்துச்சு. "அட, நம்ம மணியக்காரர்! கால்ல என்னய்யா முக்காடு?"

மணியக்காரர் வேம்பு வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "இந்தா சாவி! செருப்பைக் குடு தாயி!"

"சாவி பத்தாது. எங்கம்மா சத்தியத்தையும் திருப்பிக் குடுங்க. ஊரு கேக்க சொல்லுங்க."

அவரு ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு, "விட்டாச்சு, சத்தியத்தை விட்டாச்சு!"ன்னு கத்தினாரு.

எல்லாரும் மாராயியையே பாத்தாங்க. அவ வாயைத் திறந்தா. தொண்டை கரகரன்னுச்சு.

"ஏண்டி எருமை, ஊரான் செருப்பையெல்லாம் நடு வீட்ல கொட்டி வச்சிருக்கியே, கூட்டறது யாருடி?"

வேம்பு அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. "இன்னும் திட்டும்மா, இன்னும் திட்டு."

கதை செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. நீ கண்ணை மூடு.