பெரிய பெட்டியின் பின்பக்கம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நாலு பேர்: வீட்டுக்காரர் நாச்சியப்பன், மனைவி உமையாள், ஆடியோ கடை முதலாளி, கடையில் ஒயர் மாட்டும் தவமணி. மேஜைமேல், கடையிலிருந்து கொண்டுவந்த, கம்ப்யூட்டரிலுள்ள பாட்டை ஒலியாக்கும் டிஏசி பெட்டிகள் மூன்று.

“எது உசத்தின்னு என் காது சொல்லும். நான் எதைச் சொல்லுவேன்னு நீ முன்னாடியே எழுதிக் கொடு. தப்பாப் போனா உனக்குக் கடையில வேலை இல்லை” என்றார் நாச்சியப்பன் தவமணியிடம். முதலாளி தலையாட்டினார்.

“சரிங்கய்யா.” தவமணி ஒரு சீட்டு எழுதி உமையாளிடம் கொடுத்தாள். பெட்டிகளின் விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒரே பாட்டை மூன்று முறை ஓடவிட்டாள்.

“பெரிய பெட்டிதான். தம்புரா நரம்பு அதிருறதே கேக்குது.”

உமையாள் சீட்டைப் படித்தாள்: “ஐயா பெரிய பெட்டியைச் சொல்வார். அதற்குப் பாட்டு வரும் ஒயரே மாட்டவில்லை. மூன்று முறையும் பாடியது சின்னப் பெட்டி.”

நாச்சியப்பன் பெரிய பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் விளக்கு எரிய கரண்டு ஒயர் மட்டும் இருந்தது. உமையாள் சிரிப்பை அடக்கினாள், அவரே சிரித்துவிட்டார்.

“இனி இங்கே தவமணியைத்தான் அனுப்பணும்” என்று முதலாளியிடம் சொல்லி, சின்னதையே வாங்கிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பிய பெட்டிகள் இரண்டு.